கஸ்தூரி மேடம் போட்ட கூட்டங்கள்

தனம் என்னைத் தொலைபேசியில் அழைத்தால் அது பெரும்பாலும் மீன் விஷயமாகத்தான் இருக்கும். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் மீன் ஏலம் எடுத்து, திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து விற்பவர் அவர். "வக்கீல் சாரு, சங்கரா வந்துக்கீது, எடுத்து வெக்கட்டா?" என்பார். போன மாதம் ஒரு நாள், நீதிமன்ற உணவு இடைவேளையில் நான் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது. கொஞ்சமாகப் போதும் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"சாரு, மேடம் பூட்டாங்க."

"எந்த மேடம்?"

"நமக்கு எத்தினி மேடம் கீறாங்க சாரு?" என்றார். 

ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர் கஸ்தூரி, கிளியனூரில் தன் வீட்டில், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் டப்பாவை மூடி வைத்தேன். அரசு வழக்குரைஞர் தன் அறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.  பிறகு அவர் மேடத்தைப் பற்றி ஒரு கதையை ஆரம்பித்தார், நான் இன்னொன்றைச் சொன்னேன். சாவுச் செய்தி வந்த கையோடு இரண்டு கறுப்புக் கோட்டுக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மேடத்தை அறிந்தவர்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

நான் குற்றவாளிகளுக்காக வாதாடுகிறவன். அதாவது, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக. இந்தத் திருத்தத்தை நான் மேடத்திடம் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் ஆயுள் முழுக்க மறந்துகொண்டிருந்தார். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவர் பணியாற்றிய காலத்தில் பல வழக்குகளில் அவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற குரல். கூண்டில் ஏறினால் கூண்டு சிறியதாகத் தெரியும்.

ஓர் அடிதடி வழக்கு. பட்டப்பகலில், கடைத்தெருவில் நடந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரைக்கூட சாட்சியாகப் போடவில்லை. எனக்குக் கிடைத்த நல்ல கேள்வி அது. "அத்தனை கடைகள் இருந்தும் ஏன் யாரையும் விசாரிக்கவில்லை?" என்று குரலை உயர்த்திக் கேட்டேன். வழக்கமான பதில் ஒன்று உண்டு: யாரும் முன்வரவில்லை என்பது. அவர் நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரையும் கேட்டேங்கய்யா. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அடிச்சவன் மேல பயம் பாதி, என் மேல பயம் பாதி."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எனக்கு அடுத்த கேள்வி மறந்துபோனது.

அன்று மாலை நீதிமன்ற வாசலில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, என்னிடம் நீட்டினார். "அந்தக் கேள்விய எஸ்.பி. இருக்கும்போது ஒரு தபா கேளுங்க சார். நான் சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கறாங்க" என்றார். வழக்கில் என் கட்சிக்காரர் விடுதலையானார். அந்த ஆய்வாளரை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போனது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் ஒரு புது ஏற்பாடு செய்தார். எங்கே ரோந்து போக வேண்டும், எங்கே காவல் போட வேண்டும், ஜாமீனில் வந்தவர்களை எப்படிக் கவனிப்பது, அடிபட்டவர்களுக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் காவல்துறை தனியாகத் திட்டமிடாமல், ஊர்மக்களையும் உட்கார வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது அவர் எண்ணம். திண்டிவனம் வட்டாரத்துக்கு அதைக் கூட்டி நடத்தும் பொறுப்பு கஸ்தூரி மேடத்திடம் வந்தது. முதல் ஆளாக அவர் என்னை அழைத்தார்.

"என்னை எதுக்கு மேடம்? நான் எதிர்க்கட்சி ஆச்சே" என்றேன்.

"என்னைக் கூண்டுல நிக்க வெச்சு பேஜாரு பண்ணது நீங்கதானே? எல்லாரும் ஆமாம் சாமி போடற எடத்துல இல்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும். ஜல்தி வாங்க."

முதல் கூட்டம் காவல் நிலைய வளாகத்தில் நடந்தது. நடந்தது என்று சொல்வது மரியாதைக்காக. ஷாமியானா போட்டு, நாற்காலிகளை வரிசையாக வைத்து, டிரம் நிறைய டீ போட்டிருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. ஆனால் அழைக்கப்பட்ட எல்லாரும் வந்திருந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில், காசு கொடுத்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் யார் முதலில் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போனால் ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கிச் சாட்சியாகப் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது.

மேடம் கொஞ்ச நேரம் அந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்டேஷனுக்கு வான்னு கூப்ட்டா எவன் சார் வருவான்? எங்க வூட்டுக்காரரே வரமாட்டாரு" என்றார். டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ப்புறத்தில் வைக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் தன் வியாபாரம் போகிறதே என்று சண்டைக்கு வந்தார். அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தை மார்க்கெட் கமிட்டியில், மல்லாட்டை மூட்டைகள் வந்து இறங்கும் கொட்டகையில், விடுமுறை நாளில் வைத்தார். போலீஸ்காரர்கள் சீருடையில் வரக் கூடாது, கடைசியாகத்தான் பேச வேண்டும் என்று இரண்டு கட்டளைகள். எல்லாரும் காலி சாக்குகளை விரித்து உட்கார்ந்தோம். வேட்டி சட்டையில் வந்த ஒரு தலைமைக் காவலரிடம் ஒரு விவசாயி, "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். மேல்சித்தாமூர் பக்கம் என்றதும் பேச்சு உர விலையில் ஆரம்பித்து உறவுமுறையில் முடிந்தது. மேடம் கையைத் தட்டித்தான் கூட்டத்தைத் தொடங்க முடிந்தது.

அந்த ஆண்டின் பெரிய விஷயம் கடற்கரையில் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குப்பங்கள். பெயர் வேண்டாம், வடக்கு என்றும் தெற்கு என்றும் சொல்கிறேன். முந்தைய மாசிமகத்தன்று யாருடைய சாமி முதலில் கடலாடுவது என்று தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகி, கல்லும் கட்டையுமாக முடிந்தது. வடக்குக் குப்பத்து இளைஞர்கள் பலர் கைதாகி ஜாமீனில் வெளியே இருந்தார்கள். அவர்களுக்கு நான்தான் வக்கீல். தெற்குக் குப்பத்து முருகையனுக்கு ஒரு கண் பார்வை போயிருந்தது. அன்றிலிருந்து இரண்டு குப்பங்களுக்கும் நடுவில் ஒரு போலீஸ் வேன் நின்றது. காவல்துறையின் வரைவுத் திட்டத்தில் அந்த வேன் அடுத்த ஆண்டும் தொடரும் என்று இருந்தது. வரப்போகும் மாசிமகத்துக்குக் கூடுதலாக ஆயுதப்படை.

தனம் வடக்குக் குப்பம். மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"அந்த வேன எடுத்துடுங்க மேடம்."

"எடுத்தா மறுபடியும் அடிச்சிக்குவீங்களே?"

"இப்ப மட்டும் இன்னா வாழுது? பொண்ணு பாக்க வர்றவங்க வேன பாத்துட்டு அப்படியே வண்டிய திருப்பிக்கினு போறாங்க. எங்க தெருவுல மட்டும் கல்யாணத்துக்கு எத்தினி பொண்ணுங்க கீதுன்னு தெரியுமா?"

தெற்குக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண், "எங்க பக்கமும் அதே கததான்" என்றார். சொல்லிவிட்டு, வடக்குக் குப்பத்துக்காரியோடு ஒத்துப் பேசிவிட்டோமே என்று திடுக்கிட்டவர்போல் உட்கார்ந்துவிட்டார். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பந்தியில் தன் இலைக்கு நேராகப் பாயசம் வருவதைப் பார்ப்பவரின் முகம்.

பேச்சு வளர்ந்தது. ஜாமீனில் வந்த இளைஞர்கள் தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படகு கடலில் இருக்கும் நேரம் அது. அதனால் ஒருவனும் கடலுக்குப் போவதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பகல் முழுக்க வேனுக்கு எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தை மாலைக்கு மாற்ற நீதிமன்றத்தில் மனு போடலாம், அரசுத் தரப்பு ஆட்சேபிக்காவிட்டால் சுலபம் என்று நான் சொன்னேன். கூட்டத்துக்கு வந்திருந்த அரசு வழக்குரைஞர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். கொட்டகையே கலகலப்பானது.

அப்போது முருகையன் எழுந்தார். ஒல்லியான மனிதர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"அவன் கையெழுத்து எந்நேரத்துக்குப் போடறதுன்னு இவ்ளோ பேரு கவலைப்படறீங்க. எங் கண்ணப் பத்தி ஒருத்தரும் கேக்கலியேங்க."

 மேடம் தன் இடத்திலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தார். "தப்புதான். உங்கள கேட்டுட்டுத்தான் மத்தது பேசியிருக்கணும். நீங்க சொல்லுங்கண்ணா" என்றார்.

முருகையன் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கு நாளுக்கு ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்து வருகிறார். வந்த பிறகு வாய்தா என்கிறார்கள். காரணம்கூடச் சொல்வதில்லை. வரவேண்டாம் என்றால் முந்தின நாளே சொல்ல வேண்டும். தன்னை அடித்தவர்களோடு நீதிமன்ற வராந்தாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தன்னை நிற்க வைக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்வர யாராவது துணை வேண்டும். மேடம் இந்த மூன்றையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே எழுத வைத்தார். ஜாமீன் கையெழுத்து அதற்கு அடுத்துத்தான் வந்தது. "அடிபட்டவரு மொதல்ல, அடிச்சவன் அப்பறம். ஆனா ரெண்டு பேரும் நம்ம ஊருதான்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். வாதாடிப் பிழைக்கும் எனக்கு அந்த வரிசையைப் பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது.

வேன் விஷயத்தில் கண்காணிப்பாளர் தயங்கினார். தயங்காமல் எப்படி இருக்க முடியும்? மாசிமகத்தில் மறுபடி ரத்தம் சிந்தினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். விழுப்புரத்தில் அவர் அறையில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். "எதை நம்பி எடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு குப்பத்துப் பொம்பளைங்களும் பொறுப்பு எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க சார். நானும் அன்னிக்கி அங்கதான் நிக்கப்போறேன். ஏதாவது ஆச்சுன்னா கஸ்தூரி சொன்னா, அதனால எடுத்தோம்னு பேப்பர்காரங்க கிட்ட சொல்லிடுங்க. ரிட்டயர் ஆனவள இன்னா பண்ணிட முடியும்?" என்றார். கண்காணிப்பாளர் சிரித்துவிட்டார். வேனை எடுத்துவிடலாம், ஆயுதப்படை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கட்டும் என்ற அளவில் ஒப்புக்கொண்டார்.

மாசிமகத்தன்று நானும் போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணலெங்கும் பலூன்காரர்கள், ஐஸ் வண்டிகள், குளித்துவிட்டு நடுங்கும் பிள்ளைகள். இரண்டு குப்பத்துப் பெண்களும் ஒரே நிறத்தில் புடவை எடுத்திருந்தார்கள். பச்சையா மஞ்சளா என்பதில் நடந்த சண்டையை மேடம்தான் தீர்த்து வைத்தார் என்று கேள்வி. கடைசியில் ஊதா எடுத்திருந்தார்கள். கடலுக்கு இறங்கும் பாதை குறுகலானது. எந்தச் சாமி முதலில் என்பதற்குச் சீட்டுப் போட்டிருந்தார்கள், தெற்குக்கு விழுந்தது. வடக்கு ஒப்புக்கொண்டிருந்தது.

ஆனால் தெற்குக் குப்பத்துச் சாமி பாதை முனையில் வந்து நின்றுவிட்டது. அவர்கள் ஏற்பாடு செய்திருந்த மேளக்காரர்கள் வந்த வண்டி புதுச்சேரி சாலையில் பழுதாகி நின்றிருந்தது. மேளமில்லாமல் சாமியை எப்படிக் கடலில் இறக்குவது? பின்னால் வடக்குக் குப்பத்துச் சாமி வந்து சேர்ந்தது. வழியை விடு என்று ஒருவன் கத்தினான். எவன்டா அவன் என்று முன்னாலிருந்து பதில் வந்தது. தோளில் சாமியைச் சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியவன் என் கட்சிக்காரன். அன்று மாலை கையெழுத்துப் போட வேண்டியவன்.

நான் முன்னால் போக அடி எடுத்தேன். மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது. "இருங்க சார். நாம போனா நம்ம சண்டையா ஆயிடும். அவங்க பாத்துப்பாங்க" என்றார்.

தனம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். கத்தியவனை அவன் பெயரோடு அவன் அம்மா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். அவன் வாயை மூடினான். பிறகு தங்கள் குப்பத்து மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? அடிங்கய்யா. சாமி வெயில்ல நிக்குது!"

"தெற்கு சாமிக்கா?" என்று தவில்காரர் கேட்டார்.

"கையில தவுலு வெச்சிக்கினு கேள்வி கேக்கற ஆளப் பாரு!"

அவர் அடித்தார். முதலில் தயங்கி, பிறகு முழு வேகத்தில். தெற்குக் குப்பத்துச் சாமி வடக்குக் குப்பத்து மேளத்தோடு கடலில் இறங்கியது. கூட்டத்தில் முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கடற்கரையே சிரித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு முருகையன் முழங்கால் நீரில் நின்று கை கூப்பினார். மேடம் என் முழங்கையை விட்டார். செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புடவையோடு கடலுக்குள் நடந்து போய் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார். சீருடை போட்ட அத்தனை ஆண்டுகளில் ஒரு மாசிமகத்திலும் குளித்ததில்லை, பந்தோபஸ்துதான் பார்த்திருக்கிறேன் என்று ஈரத் தலையோடு சொன்னார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. ஜாமீனில் இருந்தவர்களில் ஒருவன் அடுத்த மழைக்காலத்தில் வேறொரு அடிதடியில் மாட்டினான். பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னோம் என்று சிலர் கூட்டத்தையே நிறுத்தச் சொன்னார்கள். மேடம் அவனை நீதிமன்றத்தில் வந்து பார்த்தார். அவனைத் திட்டிய திட்டை இங்கே அச்சிட முடியாது. ஆனால் கூட்டத்தை நிறுத்தச் சொன்னவர்களிடம், "ஒருத்தன் வழுக்கி வுழுந்தான்னு ரோட்டையே மூடிடுவீங்களா?" என்று கேட்டார். கூட்டம் தொடர்ந்தது. வேன் திரும்பி வரவில்லை. தனத்தின் தெருவில் கல்யாணங்கள் நடந்தன. எல்லாவற்றுக்கும் மேடத்துக்கு அழைப்பு வந்தது, எல்லாவற்றிலும் அவர் இரண்டு பந்தி சாப்பிட்டார்.

போன ஆண்டு அவருக்கு இதய நோய் என்று தெரிந்து விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். படுக்கையைச் சுற்றி ஒரே கூட்டம். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து உள்ளே ஓடினால், மேடம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்தார். நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் செல்போன் சார்ஜ் போடும் பிளக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்களாம். முறை வகுத்துக்கொண்டிருந்தார்கள். "சார், நீங்க இவருக்கு வக்கீலா இருங்க. பாவம், இவரு பக்கம் ஆளே இல்ல" என்று ஒரு பெரியவரைக் காட்டினார். நானும் வாதாடினேன். தோற்றேன். செவிலியர் வந்து எல்லாரையும் விரட்டிவிட்டார். போகும்போது மேடம், "நம்ம கூட்டத்த நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வெக்காதீங்க. நான் இல்லாம நடந்தாத்தான் அது நடந்த மாதிரி" என்றார்.

கிளியனூருக்கு நாங்கள் போனபோது தெரு நிறைந்திருந்தது. ஒரு காலத்தில் அவரால் கைதானவர்கள் பந்தல் போட உதவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு குப்பத்துப் பெண்களும் ஒரே வண்டியில் வந்திறங்கி, சேர்ந்து மாரடித்து அழுதார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது மேடத்தின் கணவர், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள் என்றார்.

கருமாதி முடிந்த அடுத்த வாரம் கூட்டம் வைத்தோம். திண்டிவனத்தில் இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போய்வரும் பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேச்சு. கூட்டுரோட்டில் ஒரு போலீஸ் பூத் வேண்டும் என்று நான் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போய்ப் பேசினேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் கையைத் தூக்கினார்.

"பூத் வேணாம் சார். பஸ்ஸு எங்க ஊரு முனையில நின்னா போதும். பூத்துல நிக்கிற போலீசும் ஆம்பளதானே? அவரு கிட்ட ரெண்டு வார்த்த பேசினா ஊர்ல அதுக்கும் கத கட்டுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கூட இருந்த போலீஸ்காரரும் சிரித்தார். என் பூத் தோற்றது. போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கவனித்தேன், எனக்கு மனது நிறைவாக இருந்தது. பேசியே பிழைத்த ஆள் நான்; எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தாலே அதில் ஓட்டை எங்கே என்று தேடிப் பழகியவன். அன்று அந்தப் பெண் பேசும்போது, அவர் மேலும் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. அந்த ஆவல் என்னுடைய பிறவிக் குணமல்ல. கஸ்தூரி மேடம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.